நீலம் பூசிய ஹெல்மெட்

மந்தாரக்குப்பம்
14 ஜூலை 2025

அன்புள்ள பொற்கொடி அக்காவுக்கு,

இசைப்பிரியா எழுதுவது. உன் சித்தப்பா சாமிக்கண்ணுவின் மகள். ‘நீங்கள்’ என்று தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது உன்னை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது பதினொன்றாம் வகுப்பு வந்துவிட்டேன் என்பதற்காக மாற்றிக்கொள்ள வரவில்லை.

உன் முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். ‘ஒன்பதாம் அடுக்கு’ படக்கதை இதழின் வாசகர் பக்கத்தில் ‘பொற்கொடி, திருப்பூர்’ என்று ஒரு கடிதம் வந்திருந்தது. கதைச் சுரங்கத்தின் ஐந்தாவது அடுக்கில் கதாநாயகி தாழை தன் அண்ணனை விட்டுவிட்டு மேலே ஏறியது சரிதான் என்று அதில் எழுதியிருந்தது. ‘நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைச் சங்கு ஊதும்போது முதல் இதழைப் படித்தேன்’ என்று உன் ஊரைச் சொன்ன வரியைப் பார்த்ததும் நீதான் என்று தெரிந்துவிட்டது. இதழ் அலுவலகத்துக்கு எழுதி முகவரி வாங்கினேன். அக்கா, நாம் இரண்டு பேரும் ஒரே கதையைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் இந்த இதழின் ரசிகர் கூடல் நடக்கிறது. எங்கள் தமிழ் டீச்சர் மலர்கொடி ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறார். அதில் நானும் ஒருத்தி. நான் சென்னைக்கே போனதில்லை. வாசகர் பக்கத்தில் நீ நான்கு கூடல்களுக்குப் போயிருப்பதாக எழுதியிருந்தாய். முதல் தடவை போகிறவள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது? எல்லாவற்றையும் எழுது.

பதிலை டீச்சரின் பெயர் போட்டுப் பள்ளி முகவரிக்கு அனுப்பு. வீட்டுக்கு வேண்டாம். எங்கப்பா உனக்குப் பார்த்துவைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று நீ நிச்சயத்துக்கு முதல் நாள் பஸ் ஏறிப் போனாயே, அன்றிலிருந்து உன் பெயரைச் சொன்னால் அப்பா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுகிறார். போனும் பண்ணாதே. எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே போன் அவருடையது.

உன் தங்கை,
இசைப்பிரியா


திருப்பூர்
19 ஜூலை 2025

அடியே இசை,

உன் கடிதத்தை எங்கள் பனியன் கம்பெனி வாசலிலேயே நின்று படித்தேன். செக்யூரிட்டி அண்ணன் “லவ் லெட்டரா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருஷம் நான் கூடலுக்கு வரவில்லை. ஆகஸ்டில் ஷிப்மெண்ட் இருக்கிறது, லீவு கிடையாது. அதனால் என் கண்ணையும் சேர்த்து நீ எடுத்துக்கொண்டு போ.

காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. உள்ளே விற்கும் பப்ஸை நம்பாதே. புதுச் செருப்பு போடாதே. முதல் கூடலில் நான் புதுச் செருப்போடு போய் மதியத்துக்கு மேல் வெறுங்காலோடு நடந்தேன். உள்ளே போனதும் முதல் கடையிலேயே நின்றுவிடாமல் ஒரு சுற்று முழுக்க நடந்து பார். எங்காவது வரிசை தெரிந்தால் சேர்ந்துகொள்வதற்கு முன் எதற்கான வரிசை என்று கேள். நான் ஒரு மணி நேரம் நின்று கடைசியில் கழிப்பறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

யாரையும் கேட்காமல் படம் எடுக்காதே. உன்னைக் கேட்காமல் எடுத்தால் அழிக்கச் சொல். கதாசிரியரைப் பார்த்தால் பெரிய கேள்வி கேட்காதே. “வாழ்க்கை என்றால் என்ன” என்று தினமும் யாராவது அவரைக் கேட்கிறார்கள். “தாழையின் ஜடை ஏன் எப்போதும் இடப்பக்கம் இருக்கிறது” என்று கேள், உன்னை நினைவு வைத்துக்கொள்வார்.

பதினோரு மணி வாக்கில் திடீரென்று தனியாக இருப்பது போலத் தோன்றும். எல்லோருக்கும் யாரையோ தெரியும், உனக்கு மட்டும் யாரையும் தெரியாது. பயப்படாதே, அது எல்லோருக்கும் வரும். பக்கத்தில் நிற்பவரிடம் “எந்த அடுக்கிலிருந்து படிக்கிறீர்கள்?” என்று மட்டும் கேள். பிறகு அவர் வாயை மூட முடியாது.

கதாபாத்திரங்களைப் போல வேடம் போட ஆசை இருந்தால் போடு. யாரும் சிரிக்கமாட்டார்கள், அங்கே எல்லோரும் நம்மைப் போலத்தான். ஊசி, நூல், ஊக்கு, பசை எடுத்துக்கொள். வேடத்தில் ஒரே ஒரு பொருளாவது நிஜமாக இருந்தால் மற்ற அட்டைப் பொருள்களும் நிஜமாகிவிடும். இது நான் நான்கு கூடல்களில் கற்றது.

பொற்கொடி


மந்தாரக்குப்பம்
27 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நோட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு பொருள் நிஜமாக இருக்க வேண்டும் என்றாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தாழையாகப் போகிறேன். அவளுடைய அங்கியை அம்மாவின் பழைய கறுப்புப் பாவாடையில் தைத்துவிட்டேன். ஆனால் தாழை என்றால் அவள் தலையில் இருக்கும் நீலச் சுரங்கக் கவசம்தான். அட்டையில் இரண்டு செய்தேன். ஒன்று பூசணிக்காய் மாதிரி வந்தது. இன்னொன்றைப் பார்த்து அம்மா “இன்னாடி இது, மண்சட்டியா?” என்றாள்.

அப்பாவின் ஹெல்மெட் வாசல் ஆணியில் தொங்குகிறது. அச்சு அசல் தாழையுடையது போலவே முன்பக்கம் நீண்டு, நடுவில் மேடாக இருக்கிறது. நிறம் மட்டும் மஞ்சள். கூடல் நடக்கும் ஞாயிறு அப்பாவுக்கு வீக்லி ஆஃப். மறுநாள் இரண்டாம் ஷிப்ட், மதியம்தான் கிளம்புவார். எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப மாட்டிவிட்டால் தெரியவே தெரியாது.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை, அதனால்தான் கேட்கிறேன். அப்பா நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்தும் கரியை வாருகிற காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிறார். தலைக்கு மேலே பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். போன வருஷம் டிபன் பாக்ஸ் அளவு ஒரு கரிக்கட்டி மேலிருந்து விழுந்ததாம். ஹெல்மெட்டில் ‘டொக்’ என்று பட்டுத் தெறித்துப் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த ஹெல்மெட்டுக்கும் அப்பாவின் தலைக்கும் நடுவில் வேறொன்றும் இல்லை, அக்கா. அதைத் தொடலாமா?

கேட்டால் தரமாட்டார். “விளையாட்டுச் சாமானா இது?” என்பார். பதினாறு வருஷம் காண்ட்ராக்ட்டில் இருக்கிறார். இந்த வருஷமாவது பர்மனெண்ட் லிஸ்ட்டில் பேர் வருமா என்று எதைப் பார்த்தாலும் சகுனம் பார்க்கிறார்.

நீ சொல்கிறபடி செய்கிறேன்.

இசைப்பிரியா


திருப்பூர்
31 ஜூலை 2025

இசை,

இரண்டு நாள் யோசித்தேன். வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பதினாறு வயதில் யாராவது எனக்குச் சரி என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. அதனால் சரி என்கிறேன்.

ஆனால் போஸ்டர் கலர் மட்டும் பூசு. சின்னப் பிள்ளைகள் படம் வரையும் அதே தண்ணீர் வண்ணம். சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். நம்பர் ஸ்டிக்கர் மேல் டேப் ஒட்டிக்கொள். ஓட்டை போடாதே, எதையும் ஆணி வைத்து அடிக்காதே. திரும்பி வந்ததும் கழுவி, துடைத்து, அதே ஆணியில், அதே பக்கம் பார்த்து மாட்டு.

போஸ்டர் கலர் மட்டும். புரிகிறதா?

பொற்கொடி


மந்தாரக்குப்பம்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

போய்விட்டு வந்துவிட்டேன்! எங்கிருந்து தொடங்குவது?

பதினோரு மணிக்குச் சரியாக அந்தத் தனிமை வந்தது. கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருவர், எட்டாம் அடுக்கு வில்லனின் கொம்பை வைத்துக்கொண்டு, மனைவி கொடுத்த மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். “எந்த அடுக்கிலிருந்து படிக்கிறீங்க சார்?” என்று கேட்டேன். நாற்பது நிமிஷம் பேசினார். கதாசிரியரிடம் ஜடையைப் பற்றிக் கேட்டேன். “என் பொண்ணு லெஃப்ட் ஹேண்டும்மா, அவளே பின்னினா அப்படித்தான் வரும்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

என் ஹெல்மெட்டைத்தான் அதிகம் பேர் படம் எடுத்தார்கள். (கேட்டுவிட்டுத்தான்.) மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு “நிஜமா?” என்றார். “நிஜம், எங்கப்பாவோடது” என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

இனி ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதே. சனிக்கிழமை அப்பா முதல் ஷிப்ட் முடித்து வந்து தூங்கியதும் பூசிய போஸ்டர் கலர் பிளாஸ்டிக்கில் நிற்கவே இல்லை. காய்ந்ததும் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. அன்று சாயந்திரமே கடைத்தெருவில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவரிடம் போய் ஸ்ப்ரே டப்பா வாங்கி அடித்தேன். கழுவுவதற்கு அவரே தின்னர் ஒரு பாட்டிலில் கொடுத்தார். இன்று விடிந்ததும் கொல்லையில் உட்கார்ந்து துடைத்தேன். பள்ளத்தில் இருந்த நீலம் போகவில்லை. தின்னரில் நனைத்த துணியை ஹெல்மெட் முழுக்கச் சுற்றி அரை மணி நேரம் வைத்தேன். பிறகு எடுத்துப் பார்த்தால், அக்கா, புதிதை விடப் புதிதாக இருந்தது! வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மட்டும், பழைய பீங்கான் தட்டில் இருக்குமே, அது மாதிரி மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. தூசி என்று நினைக்கிறேன்.

மத்தியானம் அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “இன்னாமே, வெளக்கி வெச்சிகினு இருந்தியா? பளபளன்னு கீது” என்றாராம். அம்மா ஒன்றும் புரியாமல் சிரித்திருக்கிறாள். மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் உன்னால்தான். ஆயிரம் நன்றி.

இசைப்பிரியா


திருப்பூர்
14 ஆகஸ்ட் 2025
ஸ்பீடு போஸ்ட்

இசை,

இதைப் படித்தவுடன், படித்த இடத்திலிருந்தே, வீட்டுக்குப் போ. அந்த ஹெல்மெட்டை சித்தப்பா போட விடாதே.

தின்னர் பிளாஸ்டிக்கை உள்ளே தின்றுவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே பலம் போயிருக்கும். நீ தூசி என்று எழுதினாயே, அது தூசி இல்லை. மூன்றாவது கூடலில் ஒரு பைக் ஹெல்மெட்டுக்கு இப்படித்தான் பெயிண்ட் அடித்துத் தின்னரில் துடைத்திருந்தது. மேடைப் படியிலிருந்து உருண்டு விழுந்தது. மூன்றே படி. முட்டை ஓடு மாதிரி கிடந்தது. அதற்குள் தலை இல்லாதது எங்கள் நல்ல நேரம்.

சித்தப்பாவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். முதல் தடவை “சித்தப்பா” என்று சொல்வது வரை கேட்டார், கட் பண்ணிவிட்டார். இரண்டாம் தடவை எடுக்கவே இல்லை. இப்போது என் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறார் போல. பக்கத்து வீட்டுக்காரியின் போனிலிருந்து அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. ஷிப்டில் இருந்திருப்பார்.

நாளை சுதந்திர தினம், பிறகு சனி, ஞாயிறு. இது உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை, டீச்சரின் நம்பரும் என்னிடம் இல்லை. வீட்டு முகவரிக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே கிழித்துவிடுவார். அதனால் பள்ளிக்கே அனுப்புகிறேன்.

உண்மையைச் சொல். திட்டுவார், சொல்.

பொற்கொடி


மந்தாரக்குப்பம்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. டீச்சர் முதல் பீரியடில் கொடுத்தார். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆணியில் ஹெல்மெட் இல்லை. வாசலில் அப்பாவையும் காணவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து, “இன்னாடி ஸ்கூலுக்குப் போவலயா?” என்றாள். “அப்பா எங்க?” என்றேன். “வூட்டுக்குள்ளதான் தூங்குறாரு, ஏன்?” என்றாள்.

அக்கா, அப்பாவுக்குப் பர்மனெண்ட் ஆர்டர் வந்துவிட்டது! வெள்ளிக்கிழமையே தெரியுமாம், கையில் தாள் வரும்வரை சொல்லக்கூடாது என்று இருந்திருக்கிறார். சனிக்கிழமை தாள் வந்தது, நேற்று ராத்திரிதான் அம்மாவிடம் காட்டி இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ்கூடக் கிடைக்கலாம். அப்பாவுக்கு வேறு நிறத்தில் புது ஹெல்மெட் கொடுத்துவிட்டார்கள். அது பீரோ மேல் துணி போர்த்தி இருக்கிறது.

அதனால் ஆபத்து நீங்கிவிட்டது. நீ கவலைப்படாதே.

பழைய ஹெல்மெட் என்ன ஆயிற்று என்று அப்பாவிடம் கேட்டேன். அவரோடு வேலை செய்கிறவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டாம். காண்ட்ராக்ட்டில் இருந்து பர்மனெண்ட் ஆகிறவர் தன் பழைய ஹெல்மெட்டைக் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ராசி ஹெல்மெட் என்பார்களாம். சனிக்கிழமை மைன்ஸ் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் வைத்து, பக்கத்து ஊர் வடக்குத்தைச் சேர்ந்த தமிழ்மாறன் அண்ணன் தலையில் வைத்திருக்கிறார். அந்த அண்ணன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவருக்கும் கம்பெனி கொடுத்த புது ஹெல்மெட் இருக்கிறது. ஆனால் அதை வீட்டில் வைத்துவிட்டு, நம்பர் ஸ்டிக்கரைப் பிய்த்து இதில் ஒட்டிக்கொண்டு இதைத்தான் போட்டுக்கொண்டு போகிறாராம். “பளபளன்னு கீது, இதான் உண்மையான ராசின்னு ஒரே குதி” என்று அப்பா சிரித்தார்.

அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், அக்கா. நான் வாயைத் திறக்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். மேலிருந்து கட்டி விழுவது தினமும் நடப்பதில்லை. அப்பாவுக்கே பதினாறு வருஷத்தில் ஒரு தடவைதான். தமிழ்மாறன் அண்ணன் அந்த ராசி ஹெல்மெட்டைக் கொஞ்ச நாள் போட்டுவிட்டு அலுத்துப்போய்ப் புதியதை எடுத்துக்கொள்வார். அதுவும் அப்பா வேலை செய்த இடத்தில்தான் அவரும் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. (தெரியும். அதே பெல்ட்தான். அப்பா சொன்னார்.)

இனி சொல்ல வேண்டியதில்லை, இல்லையா?

இசைப்பிரியா


திருப்பூர்
21 ஆகஸ்ட் 2025

இசை,

‘ஆபத்து நீங்கிவிட்டது’ என்று எழுதியிருக்கிறாய். எங்கே போனது என்றும் நீயே அடுத்த பத்தியில் எழுதியிருக்கிறாய்.

உன்னைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. அந்த பைக் ஹெல்மெட்டைத் தின்னரில் துடைத்தது நான்தான். அது என் சிநேகிதியின் தம்பி தினமும் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போவது. கூடல் முடிந்ததும் துடைத்து அவனிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன். படியில் விழுந்து உடைந்ததால் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டபோது ‘போஸ்டர் கலர் மட்டும்’ என்று இரண்டு தடவை எழுதினேனே, ஏன் என்று ஒரு தடவை எழுதியிருந்தால் நீ அந்த ஸ்ப்ரே டப்பாவைத் தொட்டிருக்கமாட்டாய். அந்த ஒரு வரியை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வரி இல்லாததால் இப்போது முன்பின் தெரியாத ஒருவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

சொல்லாமல் இருப்பது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுலபமாகும், இசை. அதுதான் பயம்.

சித்தப்பாவிடம் என் பெயரையும் சேர்த்துச் சொல். சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்று சொல்.

பொற்கொடி


மந்தாரக்குப்பம்
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. அது வருவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்று, நான்கு பேர் இறங்கி யார் வீட்டையோ விசாரித்தார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள். அதற்குள் நான், தமிழ்மாறன் அண்ணனுக்கு என்னவோ ஆகி அப்பாவிடம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

இன்று காலை சொன்னேன். லீவு நாள் என்பதால் அப்பா பதினொன்றரைக்குத்தான் எழுந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சென்னை, ஸ்ப்ரே, தின்னர், உன் கடிதங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைச் சொன்னபோது தட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. “துணிய எம்மா நேரம் சுத்தி வெச்சிருந்த?” என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரம் என்றேன். கையைக் கழுவினார். சட்டையை மாட்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு தபா போன் பண்ணா. நாந்தான் கட் பண்ணேன்” என்றார். என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்குத்துக்குப் போனார்.

தமிழ்மாறன் அண்ணனுக்கு இன்று இரண்டாம் ஷிப்ட். நாங்கள் போனபோது பன்னிரண்டரை மணி. அவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார், தலையில் அதே ஹெல்மெட். “வாங்கண்ணே! பர்மனெண்ட் ஆளு நம்ம வூட்டுக்கு வந்துகீறாரு, இன்னா விசேஷம்?” என்றார். அவருடைய அம்மா சின்னம்மாள் உட்காரச் சொன்னார்.

அப்பா நின்றுகொண்டே, “தம்பி, அந்த ஹெல்மெட்ட குட்த்துடு. அது கெட்டுப் போச்சி” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அந்த அண்ணன் சிரித்த முகமாகவே கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

“அண்ணே, குடுத்துட்டு இப்ப ராசிய திருப்பிக் கேக்க வந்துட்டீங்களா? இதுக்குப் பாப்பாவ வேற கூட்டிகினு வந்துகீறீங்க.”

“ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொல்றத கேளு.”

“உங்களுக்கு வந்துட்ச்சி, அதனால இல்ல. எங்களுக்கு வர்ற வரைக்கும் இருக்கும்ணே.”

சின்னம்மாள், “நாங்க இன்னா கேட்டா வாங்கனோம்? நீங்களா எம்புள்ள தலயில வெச்சீங்க. வெச்சத எடுத்தா அதுக்கு அர்த்தம் வேறங்க” என்றார். அவர் குரல் அப்போதே மாறிவிட்டது.

அப்பாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. திருடன் என்று சொன்ன மாதிரி நின்றார். தமிழ்மாறன் அண்ணன், “கெட்டுப்போச்சா? பாருங்க” என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டோடு போய் வாசல் வேப்பமரத்தில் தலையை மோதினார். டொக். இன்னொரு தடவை. டொக். ஒன்றும் ஆகவில்லை. “இன்னா பாப்பா, கதப் புக்கு நெறைய படிப்பியா?” என்றார். பக்கத்து வீட்டுத் திண்ணையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது தடவை மோதுவதற்குப் பின்னால் நகர்ந்தார்.

நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன், அக்கா. எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. தாடைப் பட்டையை அவர் மாட்டியிருக்கவில்லை. கிணற்றடியில் துவைக்கிற கல் இருந்தது. இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, உச்சி கீழே வருகிற மாதிரி ஓங்கி அடித்தேன்.

பெரிய சத்தம்கூட வரவில்லை. மூன்று துண்டாகப் போனது. ஒரு துண்டு மட்டும் துள்ளிப்போய்க் கோழிகளின் நடுவில் விழுந்தது.

தமிழ்மாறன் அண்ணன் வந்து குனிந்து ஒரு துண்டை எடுத்து, இரண்டு விரலால் வளைத்தார். பிஸ்கட் மாதிரி உடைந்தது. இன்னொரு முறை உடைத்தார். அவர் கை மெல்ல நெற்றிக்குப் போனது. மரத்தில் மோதிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் புது ஹெல்மெட்டை எடுத்து, சுற்றி வைத்திருந்த பாலிதீன் கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டார். நம்பர் ஸ்டிக்கரை உடைந்த துண்டிலிருந்து நகத்தால் பிரித்து ஒட்டினார். பட்டையைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டினார். அப்பாவிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

முடிந்தது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் சின்னம்மாள் பேசினார். அவர் துண்டுகளைப் பார்க்கவே இல்லை.

“எம்புள்ள ஷிப்ட்டுக்குக் கெளம்புற நேரத்துல வூட்டு வாசல்ல வெச்சி ஒடச்சிட்டியே. மங்களமா வந்தத ஒடச்சிட்டியே. இன்னைக்கி அவனுக்கு எதாவது ஒண்ணு ஆச்சி, நீதான்டி. நீயும் உங்கப்பனும்தான்.”

“அம்மா, அது உடையாம இருந்திருந்தாத்தான்...” என்று தொடங்கினேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் சின்னம்மாளிடம், “சரிங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அதை ஒப்புக்கொண்டதற்காகச் சொன்னாரா, சமாதானத்துக்காகச் சொன்னாரா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது மணி ஆறு. ஷிப்ட் முடிய இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. புது ஹெல்மெட் நல்ல ஹெல்மெட், எனக்குத் தெரியும். நான் செய்தது சரி என்பதும் தெரியும். ஆனால் தலையில் விழுவது மட்டுமா ஆபத்து? சைக்கிளில் லாரி மோதலாம், கால் வழுக்கலாம். நேற்றுவரை நான் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பயப்பட வேண்டியிருந்தது, இன்று அவருக்கு எது நடந்தாலும் அது என்னால்தான்.

அப்பா வீட்டில் இல்லை. இன்று அவருக்கு வீக்லி ஆஃப். சாயந்திரம் டீ குடித்துவிட்டுச் சட்டையை மாட்டினார். “எங்க?” என்றாள் அம்மா. “கேட்டாண்ட. அந்தப் பையன் வெளிய வர்ற வரைக்கும் நின்னுட்டு வரேன்” என்றார்.

நாளைக் காலையில்தான் இதைத் தபாலில் போட முடியும். அதற்குள் தெரிந்துவிடும், கீழே எழுதுகிறேன்.

திங்கள், காலை.

வந்துவிட்டார். மைன்ஸுக்குள்ளிருந்து கேட்டுக்கு வந்த முதல் வேனில் இறங்கினாராம், ஒரு கீறலும் இல்லை. அப்பா எதிரில் நிற்பதைப் பார்த்துவிட்டு, “எதுக்குண்ணே நிக்கிறீங்க?” என்று கேட்டிருக்கிறார். “எங்கம்மா சொன்னதுக்கா?” என்று கேட்டிருக்கிறார். அப்பா அவருடைய தாடைப் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். “நான் பர்மனெண்ட் ஆவுற வரைக்கும் அது சொல்லிகினேதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

அப்பாவுக்கு அது பதினாறு வருஷத்தில் வந்தது.

நான் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். அந்த அண்ணனுக்கு இன்றும் இரண்டாம் ஷிப்ட்தான், அக்கா.

இசைப்பிரியா